‘உறுதிசெய்யப்ப…’ என்று நின்றுபோகும் திரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு செயலியோ இணையதளமோ ‘இனி தமிழிலும் கிடைக்கும்’ என்று அறிவிக்கப்படும்போது நாளிதழ்களில் அது செய்தியாக வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் திரைகளைத் தமிழில் திறந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்பவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்களும் அவர்களில் உண்டு. மொழிபெயர்ப்பு மோசம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பல நேரங்களில் மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதை வைத்த பெட்டிதான் தமிழுக்காகச் செய்யப்படவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திரை இடைமுகங்களை வடிவமைப்பவள். ஒரு செயலிக்கு நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன், அது எப்படி இருக்கும், எங்கே தொட்டால் எது திறக்கும் என்று காட்டும் முன்மாதிரி ஒன்றைச் செய்வோம். எங்கள் பேச்சில் அது புரோட்டோடைப். வேலை கொடுத்தவர் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்த பிறகு பெட்டிகளின் அகலமும் உயரமும் வரிசையும் மாறுவது மிகக் கடினம். அந்த முன்மாதிரி ஆங்கிலத்தில் மட்டும் செய்யப்பட்டிருந்தால், பின்னால் வரும் எல்லா மொழிகளும் ஆங்கிலத்தின் அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் நுழைந்தாக வேண்டும். முதல் திரையை வரையும் நாளிலேயே தமிழ் அதில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்பதை நாங்கள் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் முன்பதிவுக்கான திரைகள் அவை. தமிழ், ஆங்கிலம், இந்தி, அரபு என நான்கு மொழிகள். கைபேசி, டேப்லெட், கணினி, வரவேற்பறையில் நிறுத்தும் பெரிய தொடுதிரை என எதில் திறந்தாலும் ஒரே இடைமுகம் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். எங்களிடம் வந்து சேர்ந்த முதல் வரைவு, வேறொரு நிறுவனம் ஆங்கிலத்தில் செய்தது. ‘வடிவமைப்பு முடிந்துவிட்டது, மற்ற மொழிகளை மட்டும் உள்ளே போட்டுக் கொடுங்கள்’ என்றார்கள்.

போட்டோம். முன்பதிவின் நிலையைச் சொல்லும் பட்டையில் ‘உங்கள் முன்பதிவு உறுதிசெய்யப்ப…’ என்று வந்தது. இடம் போதாவிட்டால் மீதியை மூன்று புள்ளியாக்கிவிடு என்பது அந்த வரைவில் எழுதி வைத்திருந்த விதி. சோதனைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அதைப் படித்தார். ‘ஆயிடுச்சும்மா’ என்று சொல்லிக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் திரையில் நாங்கள் கொடுத்திருந்த முழு வாக்கியம்: ‘உங்கள் முன்பதிவு உறுதிசெய்யப்படவில்லை.’

அந்த மூன்று புள்ளி விதியை எழுதியவர் கவனக்குறைவானவர் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. வால் போனாலும் சேதி நிற்கும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘இல்லை’ என்ற மறுப்போ அந்த வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். ‘உறுதிசெய்யப்பட்டது’, ‘உறுதிசெய்யப்படவில்லை’ இரண்டும் கிட்டத்தட்ட முழுச் சொல்லும் ஒன்றாகவே ஓடி, இறுதியில்தான் பிரிகின்றன. வெட்டு விழுவதும் சரியாக அங்கேதான். ரத்து செய்யும் திரையில் இன்னும் மோசம். ‘ரத்து செய்ய வேண்டும்’, ‘ரத்து செய்ய வேண்டாம்’ என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். குறுகலான கைபேசியில் இரண்டிலும் ‘ரத்து செய்ய வே…’ என்றே தெரிந்தது. எதை அழுத்துவது?

இதை மொழிபெயர்ப்பாளரால் சரிசெய்ய முடியாது. அவருக்கு வருவது ஓர் அட்டவணையில் வரிசையாக அடுக்கிய வாக்கியங்கள். திரை அவர் கண்ணில் படுவதே இல்லை. டெவலப்பராலும் முடியாது, அவர் ஒப்புதல் பெற்ற வரைவைப் பின்பற்றுகிறார். முன்மாதிரி செய்பவர்தான் செய்ய முடியும். நாங்கள் செய்தது இதுதான். நிலையைச் சொல்லும் எந்த வரியையும் புள்ளி வைத்துச் சுருக்கக்கூடாது. அடுத்த வரிக்கு மடியட்டும், பெட்டி அதற்கேற்ப உயரட்டும். வாக்கியத்துக்கு முன்னால் ‘உறுதி’, ‘உறுதி இல்லை’, ‘காத்திருப்பு’ என்று சின்னப் பட்டை ஒன்று. கூடவே நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு குறியும். ரத்துத் திரையில் பொத்தான்களைக் குறுகலான திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ‘ரத்து செய்’, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று முதல் எழுத்திலேயே வேறுபடும்படி மாற்றினோம்.

‘ரத்து செய்’ என்பது மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: பொத்தானில் இருப்பது பயனர் இயந்திரத்துக்குச் சொல்வது. அங்கே ‘அனுப்பு’, ‘சேமி’ போதும். இயந்திரம் பயனரிடம் பேசும் இடங்களில்தான் ‘உள்ளிடுங்கள்’, ‘காத்திருங்கள்’ என்ற மரியாதை கட்டாயம். இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டால் ‘சமர்ப்பிக்கவும்’, ‘பதிவேற்றவும்’ என்று பொத்தான்களை அகலப்படுத்தும் சொற்களில் பாதி தானாகவே சுருங்கிவிடும்.

இனி அகலம். திரைக்கேற்பத் தகவமையும் வடிவமைப்பு என்ற கருத்துக்கு 2010-இல் ஈதன் மார்கோட் பெயர் வைத்து விளக்கினார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரை அகலத்தைப் பார்த்து மாறும் விதிகள் என்ற மூன்றும் அதன் அடிப்படை. இந்த அகலத்துக்குக் கீழே போனால் மெனுவைச் சுருக்கு, அந்த அகலத்துக்கு மேலே போனால் இரண்டு பத்தியாக்கு என்று புள்ளிகள் குறிப்போம். அந்தப் புள்ளிகள் எங்கே விழ வேண்டும் என்பது உள்ளே இருக்கும் சொற்களைப் பொறுத்தது. ஆங்கில மெனுவில் ஐந்து சொற்கள் வசதியாக உட்காரும் அகலத்தில் தமிழில் மூன்றரைதான் உட்கார்ந்தது. மென்பொருளை உலக மொழிகளுக்குக் கொண்டுபோகும் துறையில் பழைய வழிகாட்டுதல் ஒன்று உண்டு: ஐபிஎம் நிறுவனம் தொகுத்தது, 10 எழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு 2 முதல் 3 மடங்கு இடம் விட்டு வைக்கச் சொல்வது. நீண்ட பத்திகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. சிக்கல் குறுஞ்சொற்களில்தான், அதாவது பொத்தானிலும் மெனுவிலும் அட்டவணைத் தலைப்பிலும்.

மொழிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் அதைப் பராமரித்து மாளாது. நல்ல வேளையாக, திரையின் அகலத்தைப் பார்க்காமல், ஒரு கூறு எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ அந்தப் பெட்டியின் அகலத்தைப் பார்த்து மாறச் சொல்லும் வசதி, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ் மொழியில் வந்துவிட்டது, 2023 தொடக்கத்திலேயே முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது இயங்கத் தொடங்கிவிட்டது. அதோடு, இடம் இருந்தால் ஒரே வரி, இல்லாவிட்டால் மடிந்துகொள் என்று சொல்லும் நெகிழ்பெட்டி முறையையும் சேர்த்துக்கொண்டோம். நிலையான அகலம், நிலையான உயரம் என்று எங்கெல்லாம் எழுதியிருந்ததோ அங்கெல்லாம் ‘குறைந்தபட்சம்’ என்று மாற்றினோம். பாதிப் பிரச்சினைகள் அந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்தன.

மீதி இருந்தது நீளச் சொற்கள். தமிழில் விகுதி மேல் விகுதி ஏறி ஒரே சொல் ஒரு வரியையே அடைத்துவிடும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகுதன்மை வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பு (2018) 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் உரையைப் படிக்க முடிய வேண்டும் என்கிறது. கணினித் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கிப் படிக்கும் பார்வைக் குறைபாடுள்ளவருக்கும் அதுதான் அளவு. அந்த அகலத்தில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒருவரின் திரையில், ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்ற சொல் பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உலாவியிடம் ‘எங்கு வேண்டுமானாலும் முறித்துக்கொள்’ என்று சொன்னால் அது முறித்துவிடும், ஆனால் ‘உறுதிசெய்யப்படவி’ என்று ஒரு வரியும் ‘ல்லை’ என்று அடுத்த வரியும் வரும். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் ஒரு வரியைத் தமிழ்க் கண்ணால் படிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் உங்கள் தொழிலை நினைத்தேன். நாளிதழின் குறுகிய பத்தி கைபேசித் திரையைவிட அகலமானது அல்ல. அதற்குள் நீளமான தமிழ்ச் சொற்களை இணைப்புக்கோடு இல்லாமலே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறீர்கள், வாசகர் தடுக்காமல் படித்துக்கொண்டு போகிறார். மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வந்துவிடாமல் பார்ப்பது, ஒற்றையெழுத்தைத் தனியே அனாதையாக விடாமலிருப்பது என்று அச்சுக் கோப்பவர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் கைப்பழக்கமாக வைத்திருக்கும் அறிவு அது. உலாவிகளுக்கு அந்த அறிவு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. நாங்கள் கையாலேயே செய்தோம். ‘வேண்டுமானால் இங்கே முறியலாம்’ என்று மட்டும் சொல்லும் ஒரு குறி, இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல் மொழியில் இருக்கிறது, முறிந்தாலும் கோடு எதையும் காட்டாது, சொல்லை நகலெடுத்தால் கூடவே வராது. நீண்ட சொற்களில் ‘உறுதிசெய்யப்’ என்பதற்கும் ‘படவில்லை’ என்பதற்கும் நடுவில் அதை வைத்தோம். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்தை நுழைத்தும் இதைச் செய்யலாம், சிலர் செய்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சொல்லுக்குள்ளேயே தங்கிவிடும், பிறகு தேடும்போது அந்தச் சொல் அகப்படாது.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘மூ’வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். பெட்டியின் உயரம் நிலையாக இருந்தால் வால் வெட்டுப்படும். எழுத்தளவின் 1.2 மடங்கு என்று இருந்த வரி உயரத்தைத் தமிழுக்கு 1.6 ஆக்கினோம். தலைப்பை வேறுபடுத்திக் காட்ட ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குவார்கள், அழுத்தம் வேண்டுமானால் சாய்ப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. சாய்ந்த எழுத்து பெரும்பாலும் உலாவி வலிந்து சாய்த்ததாகவே இருக்கும், பார்க்க நன்றாக இருக்காது. எடை, அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றைக் கொண்டுதான் தலைப்பைத் தனித்துக் காட்ட வேண்டும். அரபுக்கு இன்னொரு எச்சரிக்கை: எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி விட்டால் சேர்ந்து எழுத வேண்டிய எழுத்துகள் பிரிந்து தொங்கும்.

வரைவுக் கருவியில் அழகாக நின்ற தமிழ், கைபேசியில் திறந்தபோது குலைந்துபோனதும் உண்டு. காரணம் எளிது. என் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இருந்தது. சோதனைக் கைபேசியில் இல்லை, அது தன்னிடமிருந்த வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டது, அதன் அகலம் வேறு. எழுத்துருவை இணையம் வழியே அனுப்பினாலும், அது வந்து சேரும் வரை ஒன்றும் வந்த பிறகு இன்னொன்றுமாகத் திரை ஒரு முறை குதிக்கும். விரல் வைக்கப்போன பொத்தான் கீழே இறங்கிவிடும். மாற்று எழுத்துருவின் அளவை முதன்மை எழுத்துருவுக்கு நெருக்கமாகச் சரிக்கட்டும் விதி சி.எஸ்.எஸ்-இல் உண்டு, அதைப் பயன்படுத்தினோம். இதிலிருந்து எங்கள் குழு ஒரு முடிவுக்கு வந்தது. மொழி சம்பந்தப்பட்ட எந்தத் திரைக்கும் படமாக வரைந்த முன்மாதிரியை நம்புவதில்லை. உலாவியில், உண்மையான கைபேசியில் ஓடும் முன்மாதிரிதான் ஒப்புதலுக்குப் போகும்.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம், எழுத்தெண்ணிக்கை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுக் குறியீடு கொடுக்கும் தரம் யூனிகோடு. அதன் முதல் பதிப்பிலிருந்தே, அதாவது 1991-லிருந்தே, தமிழ் அதில் இருக்கிறது. அதில் உயிர்மெய்க்குத் தனிக் குறியீடு கிடையாது. மெய்க்கு உரிய அகர வடிவமும் அதன் மேல் ஏறும் உயிர்க்குறியும் தனித்தனி. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். எங்களுக்கு வந்த வரைவில் பெயருக்கான கட்டம் 15 எழுத்துக்கு மேல் வாங்காது. ‘மீனாட்சிசுந்தரம்’ என்பதை எண்ணிப் பாருங்கள், நமக்கு ஒன்பதே எழுத்து. கணினிக்குப் பதினாறு. கடைசிப் புள்ளிக்கு இடமில்லை. அந்தப் பெயருள்ளவர் எத்தனை முறை தட்டினாலும் திரையில் ‘மீனாட்சிசுந்தரம’ என்றுதான் நிற்கும். ஏன் என்று அவருக்குப் புரியவும் புரியாது. ஒருவரின் பெயரை அவரே சரியாக எழுத முடியாமல் செய்யும் கட்டத்தை நாம் மன்னிக்கக்கூடாது.

பயனர் ஓர் எழுத்தாக உணர்வதை ஓர் எழுத்தாகவே எண்ணும் முறையை யூனிகோடே வகுத்துக் கொடுத்திருக்கிறது, இன்றைய உலாவிகளில் அதற்கான கருவியும் உண்டு. எண்ணிக்கையைக் காட்டும் இடத்திலும் வெட்டும் இடத்திலும் அதைப் பயன்படுத்த வேண்டும். பெயருக்கு வரம்பே தேவையில்லை என்பது என் கட்சி. தரவுத்தளத்துக்கு வரம்பு வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். குறுஞ்செய்திக்கும் இதே கதை. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் என்றால், தமிழில் அனுப்பும்போது பெரும்பாலும் 70தான், அதுவும் கணினியின் கணக்கில். முன்பதிவை உறுதிசெய்யும் குறுஞ்செய்தியை முன்மாதிரிக் கட்டத்திலேயே எழுதிப் பார்க்காவிட்டால், பின்னால் அது இரண்டு மூன்று துண்டாகப் போகும்.

வாக்கியத்தில் ஓட்டை விட்டுப் பெயரை நிரப்பும் பழக்கமும் தமிழுக்கு ஒத்துவராது. பெயருக்குப் பின்னால் ‘க்கு’ ஒட்டினால் போதும் என்று நினைத்து எழுதிய வரி ‘குமார்க்கு’, ‘சீதாக்கு’ என்று பேசும். குமாருக்கு, சீதாவுக்கு, கண்ணனுக்கு என்று ஒவ்வொரு பெயரும் வேறு விதமாக நெகிழ்கிறது. நிரலில் புணர்ச்சி விதிகளை எழுதலாம், முயன்றவர்கள் உண்டு. பிறமொழிப் பெயர்கள் வந்ததும் அது தடுமாறும். ‘நோயாளி: சீதா. நாள்: 12. நேரம்: காலை 10’ என்று தலைப்பும் விவரமுமாகப் பிரித்து வைப்பது மேல். வாக்கியமாக இல்லாவிட்டாலும் தெளிவாக இருக்கும், நான்கு மொழியிலும் பிழைபடாது. எண்ணிக்கை வரும் வாக்கியங்களுக்கு அப்படித் தப்பிக்க முடியாது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருமை, பன்மை இரண்டு போதும், அரபுக்கு ஆறு வடிவங்கள் வேண்டும். ‘எண்ணைப் போட்டு ஒரு வால் சேர்’ என்று எழுதாமல், மொழிக்குரிய பன்மை விதிகளைத் தரும் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

அரபு வலமிருந்து இடமாக ஓடுவதால் திரை முழுவதும் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்ப வேண்டும். ‘இடப்பக்கம் இவ்வளவு வெளி’ என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் ‘தொடக்கப் பக்கம்’, ‘முடிவுப் பக்கம்’ என்று மாற்றியதும் பெரும்பகுதி தானாகத் திரும்பியது. ‘பின்செல்’ அம்பு திரும்ப வேண்டும், கடிகாரமும் சரிக்குறியும் திரும்பக்கூடாது. தொலைபேசி எண்தான் படுத்தியது. இடைவெளி விட்டு எழுதிய எண்ணின் தொகுதிகள் அரபு வாக்கியத்துக்குள் முன்பின்னாக மாறி நின்றன, கூட்டல் குறி மறுகோடிக்குப் போனது. எண்ணைச் சுற்றி ‘இது தனித்துண்டு, இடமிருந்து வலம்’ என்று குறித்த பிறகே சரியானது. மருத்துவமனை எண் தலைகீழாகத் தெரிவது சிறிய பிழை இல்லை.

தேடலுக்கு வருகிறேன். முன்மாதிரியில் தேடல் கட்டம் பெரும்பாலும் அலங்காரத்துக்கு இருக்கும். நாங்கள் உண்மையான பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பின்னால் இணைத்தோம், அதனால்தான் இது தெரியவந்தது. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான், கணினி இரண்டையும் வேறு சொல்லாகப் பார்க்கும். பதிவு செய்தவர் ஒரு விசைப்பலகை, தேடுபவர் வேறொரு விசைப்பலகை என்றால், இருக்கும் நோயாளி ‘இல்லை’ என்று வருவார். இப்படிப்பட்ட இரு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்க முறையைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் செலுத்தினால் இது தீரும்.

அதில் தீராதது ஒன்று உண்டு. ‘கௌ’வின் பின்பகுதி பார்ப்பதற்கு ‘ள’ போலவே இருப்பதால், பலர் ஒற்றைக் கொம்போடு ‘ள’கரத்தையே தட்டிவிடுகிறார்கள். யூனிகோடு இரண்டையும் ஒன்றாகக் கருதாது, கருதவும் கூடாது. ‘தெளிவு’, ‘வெள்ளம்’ போன்ற சொற்களில் அது உண்மையான ‘ள’. நாங்கள் வைத்த விதி: ஒற்றைக் கொம்புக்குப் பின் வரும் ‘ள’வின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால், தேடும்போது மட்டும் அதை ஔகாரமாகவும் எடுத்துக்கொள். சேமித்து வைத்த பெயரைத் தொடுவதில்லை. இந்த விதியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

மொழி மாற்றும் பொத்தான் பற்றி இரண்டே வரி. அந்தந்த மொழியின் பெயர் அந்தந்த எழுத்தில் இருக்க வேண்டும், நாட்டுக் கொடிகள் வேண்டாம். மொழிக்குக் கொடி கிடையாது. பாதிப் படிவம் நிரப்பியவர் மொழியை மாற்றினால் நிரப்பியது அழியக்கூடாது, அவர் அதே பக்கத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டும். கூடவே, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்க வேண்டும். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். குறிக்காவிட்டால் பார்வையற்றவருக்கு ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துத் துப்பும், அல்லது ஒன்றுமே பேசாது.

இத்தனையையும் முன்மாதிரிக் கட்டத்தில் செய்தால் வேலை இழுக்காதா என்று கேட்பார்கள். முதல் சில திரைகளுக்கு இழுத்தது உண்மை. மொழிபெயர்ப்பு வந்து சேரும் முன் ஆங்கிலச் சொற்களையே செயற்கையாக நீட்டி, மேலே கீழே குறிகள் சேர்த்துப் பார்க்கும் போலி மொழியாக்கம் என்ற வழக்கம் உண்டு; நிரலிலேயே புதைந்துபோன ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிக்க அது நல்லது. தமிழுக்கு அது போதாது. நாங்கள் மொழிபெயர்ப்பாளரை முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்தோம். எந்தத் திரைக்கும் அதன் மிக நீளமான தமிழ் வரியை முதலில் வாங்கி, 320 பிக்சல் அகலத்தில், எழுத்தை இரு மடங்காக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் மற்ற அகலங்களையும் மற்ற மொழிகளையும் தொட்டோம். அங்கே நின்ற வடிவமைப்பு ஆங்கிலத்தில் எங்கும் தடுமாறவில்லை. இந்தியும் எளிதாகவே உட்கார்ந்தது. தலைகீழாகச் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

உங்கள் வாசகர்களில் இப்படிப்பட்ட செயலிகளுக்கு வேலை கொடுப்பவர்கள் இருப்பார்கள்: மருத்துவமனை நடத்துபவர்கள், பள்ளி நிர்வாகிகள், அலுவலகங்களில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. முன்மாதிரியைக் காட்ட வருபவர்களிடம், ‘தமிழில், சின்னக் கைபேசியில், பெரிய எழுத்தில் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். ‘அது பிறகு வரும்’ என்றால், கையெழுத்தும் பிறகு வரட்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, ஒவ்வொரு மொழிக்கும் உலாவிகளில் என்னென்ன குறை என்று தொகுத்துப் பொதுவில் வெளியிடுகிறது. தமிழுக்கும் அப்படியோர் ஆவணம் இருக்கிறது, யாரும் கருத்து அனுப்பலாம். உங்கள் மெய்ப்புப் பிரிவில் நீண்ட காலம் இருப்பவர்கள், தமிழ்ச் சொல்லை எங்கே முறிப்பார்கள், எங்கே முறிக்க மாட்டார்கள், வரி எந்த எழுத்தில் தொடங்கவே கூடாது என்பதை எடுத்துக்காட்டுகளோடு எழுதி உங்கள் பக்கங்களில் வெளியிட்டால் பெரிய உதவி. இலக்கண நூல் நடையில் வேண்டாம், கூட வேலை செய்யும் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது போல இருந்தால் போதும். அதை உலாவி உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றி, சோதனைப் பக்கங்களையும் சேர்த்து உரிய இடத்தில் கொடுக்கும் வேலையை எங்கள் குழு எடுத்துக்கொள்ளும். உங்கள் மெய்ப்புப் பிரிவினர் இசைந்தால், எந்தெந்தச் சொற்களில் எங்களுக்குச் சந்தேகம் என்ற பட்டியலை உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இடைமுக வடிவமைப்பாளர் ஒருவர்